குமாரமங்கலம் சுப்பராயன்

வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லிமலையும் அரண்போல் நிற்க, மேற்கிலும் தெற்கிலும் காவிரி வளைந்து ஓட, இடையே விரிந்து கிடக்கும் சேலம் நாமக்கல் சமவெளியை, ஆற்றை அருகிலே வைத்துக்கொண்டும் வானத்தையே நம்பி வாழ்ந்த பூமி என்று சொல்வது பொருந்தும். ஆற்றங்கரை ஊர்கள் சிலவும் ஏரிப் பாசனம் பெற்ற சிற்றூர்கள் சிலவும் நீங்கலாக, மற்ற இடமெல்லாம் சோளமும் கம்பும் நிலக்கடலையும் பருத்தியும் ஆமணக்கும் விளைந்த புன்செய்க் காடு. கிணற்று மேட்டிலிருந்து கவலை மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் இறுகி, சால் நிறைந்து மேலேறி, தோல் தும்பியின் வழியே தண்ணீர் வாய்க்காலில் கொட்டுவதும், மாடுகள் பின்னடைந்து ஏறும்போது வெறுஞ்சால் மறுபடி கிணற்றில் இறங்குவதுமாக, விடியற்காலை தொடங்கி வெயில் ஏறும் வரை இறைத்தால்தான் ஒரு குடியானவனுக்கு ஒரு வயல் நனையும். இத்தகைய உழைப்பின்மேல் வரி விதித்த அரசாங்கங்களின் சரித்திரமே இந்தச் சமவெளியின் அரசியல் சரித்திரத்திற்கு முதல் அத்தியாயமாகும்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாரமகாலும் கும்பெனியார் கைக்கு வந்தபோது, இங்கே கலெக்டராக வந்த அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, குடியானவனோடு நேரே தீர்வை பேசும் முறைக்கு அடிகோலினார்கள். பின்னாளில் ரயத்துவாரி என்று ராஜதானி முழுவதும் பரவிய அந்த ஏற்பாட்டின் பிறப்பிடங்களுள் ஒன்று நமது ஜில்லாதான். ஆயினும், வங்காளத்து மாதிரியைப் பின்பற்ற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்த கட்டளையின் பேரில், சில ஆண்டுகளுக்குள்ளாகவே அதே நிலம் மிட்டா மிட்டாவாகக் கூறுபோடப்பட்டு, நிரந்தரத் தீர்வையின் கீழ் ஏலத்தில் விடப்பட்டது. எடுத்தவர்களில் பலர் கிஸ்தி கட்ட முடியாமல் மிட்டாவை இழந்தனர், சிலர் நிலைத்தனர். மிட்டாதார் என்றும் ஜமீன்தார் என்றும் வழங்கிய அந்தச் சிறு பிரபுக்களின் வீடுகள், தஞ்சாவூர்ப் பண்ணைகளைப் போலவோ ராமநாதபுரத்து ராஜ்யத்தைப் போலவோ பெருஞ்செல்வம் படைத்தவை அல்ல. எனினும், சுற்றுவட்டாரத்தின் வழக்கு, வரி, கோயில், சந்தை ஆகிய நான்கும் அவ்வீடுகளின் திண்ணையைத் தொட்டே சென்றன. திருச்செங்கோட்டு வட்டத்தில் நிலைத்து நின்ற அத்தகைய ஜமீன்களுள் ஒன்று குமாரமங்கலம். அந்த வீட்டில் 1889-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி பிறந்தவர் டாக்டர் பரமசிவ சுப்பராயன்.

சேலம் என்றதும் சரித்திரம் படித்தவர் நினைவுக்கு விஜயராகவாச்சாரியார் வருவார், ராஜாஜி வருவார், நாமக்கல் என்றதும் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை வருவார். சென்னை ராஜதானிக்கு நான்கு ஆண்டுகள் முதல் மந்திரியாகவும், இரு வேறு காங்கிரஸ் மந்திரிசபைகளில் மந்திரியாகவும், அயல்நாட்டுத் தூதராகவும், மத்திய மந்திரியாகவும், ஒரு பெரிய மாகாணத்தின் கவர்னராகவும் இருந்த இந்த மனிதரின் பெயர், அவர் பிறந்த சமவெளியிலேயே அரிதாகத்தான் உச்சரிக்கப்படுகிறது. அவருக்கென்று ஒரு கட்சி கடைசிவரை அமையவில்லை. கொடி பிடிக்க ஆளில்லாதவரின் பெயரைச் சுவரில் எழுதி வைப்பவரும் இல்லாமற் போவது நமது பொதுவாழ்வின் இயல்பாகிவிட்டது. அவர் இருந்த இடங்களைவிட அவர் செய்த காரியங்களே நினைக்கத் தக்கவை என்பது என் துணிபு. அவற்றுள்ளும் மிக உயர்ந்தது, நிறைவேறாமற் போன ஒரு மசோதா.

சென்னையில் நியூவிங்டன் பள்ளியிலும் ராஜதானிக் கல்லூரியிலும் படித்துவிட்டுக் கடல் கடந்து ஆக்ஸ்போர்டில் வாதம் கல்லூரியில் பயின்ற சுப்பராயன், 1918-ல் சென்னை ஹைகோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். ஜமீன் வீட்டுப் பிள்ளை சீமைக்குப் போவது அக்காலத்தில் அதிசயமன்று. அவர் செய்துகொண்ட விவாகந்தான் அதிசயம். கொங்கு வேளாளக் கவுண்டர் குலத்தில் பிறந்த அவர், மங்களூரைச் சேர்ந்த குத்முல் ரங்கராவின் குமாரத்தி ராதாபாயை மணந்தார். சாரஸ்வத பிராமணராகப் பிறந்து பிரம்ம சமாஜத்தைத் தழுவிய ரங்கராவ், தென் கன்னடத்தில் தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட ஜனங்களுக்காக 1897-ல் ஒரு சங்கம் நிறுவி, அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து, அதன் பொருட்டுத் தம் சொந்த ஜாதியாரின் விலக்கை ஏற்றுத் தாங்கிக்கொண்ட மகான். திருச்செங்கோட்டுக் காட்டு ஜமீனின் மருமகளாக வந்த ராதாபாய் அந்தத் தகப்பனாரின் மனத்தையும் உடன் கொண்டுவந்தார் என்றே நான் எண்ணுகிறேன். 1930-லும் 1931-லும் லண்டன் வட்டமேஜை மகாநாட்டில் இந்தியப் பெண்களின் பிரதிநிதிகளுள் ஒருவராக அமர்ந்து, வாக்குரிமைக் கமிட்டியிலும் பணியாற்றி, 1938-ல் டில்லி ராஜாங்க சபையின் முதல் பெண் அங்கத்தினரான அவருடைய வாழ்க்கை தனியே எழுதத் தக்கது. கணவரின் பெயருக்கு அடியில் அதை ஒரு வரியாகச் சுருக்குவது நியாயமன்று. இடம் கருதியே இங்கே நிறுத்துகிறேன்.

1920-ல் மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி கூடிய முதல் சட்டசபையில் சுப்பராயன் நீதிக்கட்சியோடு இருந்தார். நாளடைவில் பனகால் ராஜாவின் தலைமையோடு ஒட்டாமல் விலகிச் சுயேச்சையானார். 1926-ம் ஆண்டுத் தேர்தல்தான் அவரை எதிர்பாராத உயரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 ஸ்தானங்களில் சுயராஜ்யக் கட்சிக்கு 41 கிடைத்தன. ஆண்டுகொண்டிருந்த நீதிக்கட்சிக்கு 21 தான். பெருங்கட்சியான சுயராஜ்யக் கட்சியாரோ, இரட்டையாட்சியில் பதவி ஏற்பதில்லை என்ற காங்கிரஸ் விரதத்தால் கட்டுண்டவர்கள். கல்வியும் ஸ்தல ஸ்தாபனமும் சுகாதாரமும் மந்திரிகளிடம், போலீசும் பொக்கிஷமும் நிலவரியும் கவர்னரின் நிர்வாக சபையிடம் என்று அதிகாரத்தை இரண்டாகப் பிளந்து, செலவு பிடிக்கும் துறைகளை ஜனப்பிரதிநிதிகளிடமும் பணப்பெட்டியை வேறு கையிலும் வைத்த அந்த ஏற்பாட்டை அவர்கள் வெறுத்ததில் நியாயம் இருந்தது. பெரும்பான்மை பெற்றவர் மறுக்க, தோற்றவரை மறுபடி அழைக்க இயலாமல் போக, கவர்னர் கோஷன் பிரபு, எந்தக் கட்சியிலும் சேராத 37 வயதுச் சுப்பராயனை அழைத்தார். 1926 டிசம்பர் 4-ந் தேதி அவர் முதல் மந்திரியானார், ஆ. ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் உடன் மந்திரிகளாயினர்.

கட்சியில்லாத முதல் மந்திரிக்கு யார் துணை? கவர்னர் நியமித்த 34 அங்கத்தினர்களும், காற்று வீசும் பக்கம் சாயும் சுயேச்சைகளுமே துணை. ஆகவே, அவருடையது கவர்னரின் பொம்மை மந்திரிசபை என்று இருதரப்பாரும் ஏசினார்கள். நீதிக்கட்சியார் மட்டுமல்லாது தேசியப் பத்திரிகைகளும் அதே குற்றத்தைச் சாட்டின. 1927-ல் கொண்டுவரப்பட்ட நம்பிக்கையில்லாத் தீர்மானம் நியமன அங்கத்தினர்களின் வாக்கினால்தான் தோற்றது என்னும்போது அந்த ஏச்சை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனால் அரசியலில் ஒருவன் எந்தப் படியில் ஏறி மேலே வந்தான் என்பது ஒரு கேள்வி. வந்த பின் என்ன செய்தான் என்பது மற்றொன்று. முதற் கேள்வியோடு நின்றுவிட்டவர்கள் சுப்பராயனுக்கு நியாயம் செய்யவில்லை.

1928-ன் தொடக்கத்தில் சைமன் கமிஷன் வந்தது. ஓர் இந்தியன்கூட இல்லாத அந்தக் கமிஷனைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்று நாடு முழுதும் கொதித்தெழுந்த சமயத்தில், முதல் மந்திரி ஒத்துழைக்க வேண்டும் என்ற பக்கத்தில் நின்றார். அவருடைய இரண்டு மந்திரிகளும் பகிஷ்காரத்தின் பக்கம் நின்றார்கள். மந்திரிசபை உடைந்தது. கோஷன் பிரபு நீதிக்கட்சியோடு சமரசம் பேசி, பனகாலின் ஆதரவைச் சுப்பராயனுக்குப் பெற்றுத் தந்தார். முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் புதிய மந்திரிகளாக வந்தனர். நேற்றுவரை அவரைக் கவிழ்க்க நின்ற கட்சியே இன்று அவரைத் தாங்கியது. சைமன் விஷயத்தில் சுப்பராயன் செய்தது தவறு என்றே நான் கருதுகிறேன். தேசத்தின் சுயமரியாதையை ஒட்டிய ஒரு காரியத்தில், சகாக்களின் மனச்சாட்சி அவருடைய நிதானத்தைவிட நேரான வழியைக் கண்டது.

ஆயினும் அந்த உடைவிலிருந்தே தென்னாட்டுச் சமூக வாழ்வை மாற்றிய ஒரு காரியம் விளைந்தது. 1921 முதலே ஏட்டளவில் இருந்த வகுப்புவாரிப் பிரதிநிதித்துவக் கொள்கை, முத்தையா முதலியார் முனைந்து வெளியிட்ட உத்தரவால், 1928-ல் அரசாங்க உத்தியோகங்களில் மெய்யாகவே அமலுக்கு வந்தது. பிராமணரல்லாத இந்துக்கள், பிராமணர், முகமதியர், ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும், தாழ்த்தப்பட்டோர் என்று சுற்றுமுறை வகுத்து வேலை வழங்கிய அந்த ஏற்பாடு, கட்சியில்லாத ஒரு முதல் மந்திரியின் கீழ் நிறைவேறியது என்பதை மறந்துவிடலாகாது. அந்தக் காலத்திலேதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையின் உபதலைவராக அமர்ந்தார். 1929-ல் அவர் முயற்சியால் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டு, கோயிலில் ஆடும் கடமைக்கென்று தேவதாசிகள் அனுபவித்துவந்த மானிய நிலங்கள் அந்தக் கடமையினின்று விடுபட்டு அவர்களுக்கே உரிமையாயின. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றுவதற்கான சட்டமும் 1928-ல் நிறைவேறியது. இவையெல்லாம் சுப்பராயன் தாமே செய்தவை என்று சொல்லமாட்டேன். செய்ய வந்தவர்களுக்கு இடம்விட்ட ஆட்சி அது. இடம்விடத் தெரிவதும் ஆள்வோருக்கு வேண்டிய குணந்தான். வலிமை மிக்க கட்சித் தலைவர்களிடம் அது பல சமயம் காணப்படுவதில்லை.

1930-ல் நீதிக்கட்சி மறுபடி வென்று முனுசாமி நாயுடு முதல் மந்திரியானதும், சுப்பராயன் எதிர்வரிசையில் போய் அமர்ந்தார். அவருடைய வாழ்வின் சிறந்த பருவம் அதன்பின் தொடங்குகிறது.

திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில், உள்ளூர் ஜமீன்தாரான ரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த இடத்தில், 1925 பிப்ரவரியில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியிருந்தார். வானம் பொய்த்த கிராமங்களுக்கு ராட்டையும் கதரும் கொண்டுபோவது, கள்ளுக்கடையை ஒழிப்பது, தீண்டாமையை ஒழிப்பது ஆகியவையே ஆசிரமத்தின் வேலை. மதுவிலக்குக்கென்று ராஜாஜி ஆசிரியராக இருந்து நடத்திய ‘விமோசனம்’ பத்திரிகைக்குத் துணையாசிரியராகக் கல்கி வந்து தங்கியதும் அங்கேதான். ஆசிரமத்துச் சமையலறையில் எல்லா ஜாதியாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது, சுற்றுவட்டார மணியக்காரர்களும் கவுண்டர்களும் கண்ணால் பார்த்துத் தத்தம் வீடுகளில் பலநாள் பேசித் தீர்த்த செய்தி. பத்துப் பன்னிரண்டு மைலுக்குள், ஒரு பக்கம் ஆக்ஸ்போர்டு படித்த ஜமீன்தார். இன்னொரு பக்கம் வக்கீல் தொழிலை உதறிவிட்டு முழங்கால் அளவு வேட்டியோடு இருந்த சேலத்து வக்கீல். பதவியிலிருந்து இறங்கிய சுப்பராயன் காங்கிரசை நோக்கி நடந்த பாதையில் இந்த அண்டை வீட்டுறவுக்கு ஒரு பங்கு உண்டு.

குருவாயூர்க் கோயிலில் எல்லா இந்துக்களையும் அனுமதிக்க வேண்டும் என்று 1931 நவம்பர் 1-ந் தேதி கேளப்பன் தலைமையில் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. 1932 செப்டம்பரில் கேளப்பன் உண்ணாவிரதம் மேற்கொண்டார். எரவாடாச் சிறையிலிருந்த காந்தியடிகள், அதை நிறுத்தச் சொல்லி, வேண்டுமானால் பின்னர்த் தாமும் அவரோடு சேர்ந்து உபவாசம் இருப்பதாக வாக்களித்தார். அந்த உபவாசத்திற்கு 1933 ஜனவரி 2-ந் தேதி குறிக்கப்பட்டது. பொன்னானி வட்டத்தில் கோயிலுக்குப் போகும் உரிமையுள்ள ஜனங்களிடம் வீடு வீடாகச் சென்று வாக்கெடுத்ததில், வாக்களித்தவருள் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் கோயிலைத் திறந்துவிட வேண்டும் என்றே சொன்னார்கள். ஜனங்கள் சம்மதித்த பின்னும் கதவு ஏன் திறக்கவில்லை? சட்டம் தடுத்தது. கோயிலில் யார் நுழையலாம் என்பதை வழக்கமே தீர்மானிக்கும் என்று கோர்ட்டுகள் தொடர்ந்து தீர்ப்பளித்துவந்தன. கமுதிக் கோயிலில் நாடார்கள் நுழைந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-ல் வழக்கமே வென்றது. தருமகர்த்தா ஒருவர் மனமிரங்கி எல்லாரையும் உள்ளே விட்டாலும், ஒரே ஒரு வைதிகர் கோர்ட்டுக்குப் போய் அவரைத் தடுத்துவிடலாம். இரக்கமுள்ளவன் குற்றவாளியாவான், இரக்கமற்றவனுக்குச் சட்டம் துணை நிற்கும்.

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் சுப்பராயன் முன்வந்தார். 1932 நவம்பரில் சென்னைச் சட்டசபையில் ஆலயப் பிரவேசத்தை ஆதரித்துத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியதோடு நில்லாமல், அதற்கென்று ஒரு மசோதாவும் தயாரித்தார். அந்த மசோதாவின் யோசனை எளிமையானது, அதனாலேயே ஆழமானது. எந்தக் கோயிலையும் சர்க்கார் பலவந்தமாகத் திறக்க வேண்டியதில்லை. ஒரு கோயிலை வழிபடும் அவ்வட்டாரத்து இந்துக்களிடம் வாக்கெடுத்து, பெரும்பான்மையோர் சம்மதித்தால், தருமகர்த்தா பழைய வழக்கத்தை மாற்றலாம். அவரை யாரும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. வழக்கத்தை ஜனங்கள் உண்டாக்கினார்கள் என்றால், அதை மாற்றும் உரிமையும் ஜனங்களுக்கு உண்டு என்ற கொள்கையைச் சட்டத்தின் மொழியில் எழுதிப் பார்த்த முதல் முயற்சிகளுள் அது ஒன்று.

திருச்செங்கோட்டு மலையேறியவர்களுக்கு அறுபதாம் படி தெரியும். செம்மண் நிறத்துப் பாறையில் வெட்டிய அந்தப் படிவரிசையில் ஓரிடத்தில், கொடுக்கல் வாங்கலிலோ பாகப்பிரிவினையிலோ தகராறு நேர்ந்த இரு கட்சிக்காரர்களும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் நின்று சத்தியம் செய்வார்கள். அங்கே பொய்யுரைக்க யாருக்கும் துணிவு வராது என்பது கொங்கு நாட்டாரின் நம்பிக்கை. அறுபதாம் படிச் சத்தியத்தை மறுத்து மேலும் வழக்காடுவது கௌரவக் குறைவாகக் கருதப்பட்டது. சொல்லுக்குக் கட்டுப்படும் இந்தப் பழக்கத்தில் வளர்ந்த பூமியிலிருந்து வந்த ஒருவர், கோயில் வாசல் தகராறையும் ஜனங்களின் வாய்ச்சொல்லாலேயே தீர்க்கலாம் என்று எண்ணியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

மாகாணச் சட்டசபையில் இத்தகைய மசோதாவைப் பிரேரேபிக்க வைசிராயின் முன்னனுமதி வேண்டியிருந்தது. ஜனவரி 15-ந் தேதிக்கு முன்பு வைசிராயின் முடிவு தெரியாது என்று அறிந்த காந்தியடிகள், ஜனவரி 2-ந் தேதி தொடங்கவிருந்த உபவாசத்தைத் தள்ளிவைத்தார். ஒரு மாகாணச் சட்டசபை அங்கத்தினரின் மசோதாவை முன்னிட்டு நாடே மூச்சடக்கிக் காத்திருந்தது. ஜனவரி 23-ந் தேதி வில்லிங்டன் பிரபு முடிவை வெளியிட்டார்: இது இந்தியா முழுவதையும் பாதிக்கும் விஷயமாதலால் மாகாணச் சட்டசபை விவாதிப்பதற்கில்லை என்று சுப்பராயனின் மசோதாவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது, மத்திய சட்டசபையில் ரங்க ஐயர் கொண்டுவந்த மசோதாவுக்கு மட்டும் இசைவு கிடைத்தது. அதுவும் ஒன்றரை ஆண்டு இழுபட்டு, 1934 ஆகஸ்டில் வாபசாயிற்று. சென்னை மாகாணத்தில் தம் கோயில்களைப் பற்றித் தாமே தீர்மானித்துக்கொள்ளும் நிலைக்கு ஜனங்கள் வந்துவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ள டில்லிக்கு மனமில்லை.

1937-ல் ராஜாஜி மந்திரிசபை அமைத்தபோது சுப்பராயன் சட்டமும் கல்வியும் ஏற்றார். முன்பு தம்முடைய மந்திரிசபையை வேண்டாவெறுப்பாகப் பார்த்த காங்கிரசின் கீழேயே, முதலிடத்தில் இருந்தவர் இரண்டாம் இடத்தில் மனமுவந்து அமர்ந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி மதுவிலக்கு முதன்முதலில் சேலம் ஜில்லாவில் அமலாயிற்று. ஆசிரமத்து ராட்டைச் சத்தத்தோடு தொடங்கிய பிரசாரம் சர்க்கார் சட்டமாகி, கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 1939 ஜூலை 8-ந் தேதி மதுரையில் வைத்தியநாதையர் ஆதிதிராவிடத் தொண்டர்களோடும் ஒரு நாடார் அன்பரோடும் மீனாட்சியம்மன் சந்நிதிக்குள் நுழைந்ததும், அவர்களையும் கோயில் அதிகாரிகளையும் வழக்குகளிலிருந்து காக்க அவசரச் சட்டம் ஒன்று பிறந்து, பின்னர்ச் சட்டசபையில் நிறைவேறியது. ஆறரை ஆண்டுக்கு முன் வைசிராயின் மேஜையில் மாண்டுபோன எண்ணம் அந்தச் சட்டத்தில் உயிர்பெற்று எழுந்தது. சட்ட மந்திரியாக இருந்தவரின் உள்ளம் அன்று எப்படி நிறைந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அதே மந்திரிசபையின் கல்வி மந்திரி என்ற முறையில், 1938-ல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கிய காரியத்திலும் அவருக்குப் பொறுப்பு உண்டு. தமிழ்நாடு கிளர்ந்தெழுந்தது; பலர் சிறை சென்றனர்; நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையில் உயிர் நீத்தார்கள். அந்தப் பழியை அவர் வரலாற்றிலிருந்து அழிக்க முயல்வது முறையன்று. ஆனால் 1955-ல் கேர் தலைமையில் அமைந்த ஆட்சிமொழிக் கமிஷனில் அங்கத்தினராக இருந்த சுப்பராயன், ஹிந்தியை விரைந்து ஏற்க வேண்டும் என்ற பெரும்பான்மையாரின் முடிவோடு உடன்படாமல், வங்காளத்து மொழியறிஞர் சுனீதிகுமார் சட்டர்ஜியைப் போலவே தமது மாறுபட்ட அபிப்பிராயத்தை எழுதிச் சேர்த்தார். ஹிந்தி பேசாத ஜனங்களின் மனக்கலக்கத்தை அவர் அதற்குள் கண்ணாரக் கண்டிருந்தார். இதைக் கொள்கை மாற்றம் என்று ஏசுவோருக்கு நான் சொல்வது இதுதான்: நாட்டின் அனுபவத்தினால் மனம் மாறாத அரசியல்வாதியைவிட மாறியவரே மேல்.

1947-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபையில் அவர் உள்துறைப் பொறுப்பை ஏற்றார். கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தவை என்று மாகாணம் முழுவதற்கும் பொதுவான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது அந்த ஆண்டிலேதான். ஜமீன் ஒழிப்புச் சட்டமும் அந்த ஆட்சியின் காரியமே. 1948-ல் நிறைவேறிய அந்தச் சட்டத்தால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஏலம் போட்டு உண்டாக்கிய மிட்டாக்களும் ஜமீன்களும் சர்க்கார் வசமாகி, குடியானவன் மறுபடி ரயத்தானான். ரீடும் மன்றோவும் விட்ட இடத்துக்கே சேலம் சமவெளி சுற்றித் திரும்பி வந்தது. தம்முடைய குலத்துக்கு மதிப்பளித்த ஏற்பாட்டையே முடிக்கப் புறப்பட்ட ஆட்சியில் ஒரு ஜமீன்தார் மந்திரியாக அமர்ந்திருந்தார்.

உள்துறை மந்திரியின் வீட்டில் வேறொரு சோதனையும் இருந்தது. சுதந்திரத்தின் முதல் மாதங்களிலேயே கம்யூனிஸ்டுகளோடு சர்க்காருக்கு மோதல் மூண்டது. போலீஸ் தந்தையின் பொறுப்பில் இருக்க, மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதி கிருஷ்ணனும் இங்கிலாந்தில் படித்த நாள் முதல் கம்யூனிஸ்டுக் கட்சியில் ஈடுபட்டு உழைத்தவர்கள். மூத்த மகன் பரமசிவ பிரபாகரோ ராணுவத்தில் சேர்ந்து, பின்னாளில் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தளபதியாக இருந்தார். இன்னொரு மகன் கோபால் அரசாங்கத் தொழில் நிறுவனங்களில் தலைமை வகித்தார். ஒரே கூரையின் கீழ் காங்கிரசும் கம்யூனிசமும் பட்டாளமும் தொழில் நிர்வாகமும் வளர்ந்த குடும்பம் இந்நாட்டில் அதிகம் இருந்திருக்க முடியாது. பிள்ளைகளை ஜாதிக்குள்ளும் கட்சிக்குள்ளும் அடைத்து வளர்ப்பதே பெருமை என்று எண்ணும் பூமியில், தகப்பனார் தமக்கு எதிரான கொள்கையையும் பிள்ளைகளிடம் பொறுத்துக்கொண்டது சிறு காரியமன்று. 1957 தேர்தலில் தந்தை திருச்செங்கோட்டிலிருந்து காங்கிரஸ் அங்கத்தினராகவும், மகள் பக்கத்துக் கோயம்புத்தூரிலிருந்து கம்யூனிஸ்டு அங்கத்தினராகவும் ஒரே லோக்சபைக்குச் சென்றார்கள்.

இதற்கிடையே இந்தோனேசியாவில் இந்தியாவின் தூதராகவும், ராஜ்யசபை அங்கத்தினராகவும், போர்க்காலத்தில் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் அவர் இருந்ததைக் குறிப்பிட்டு மேலே செல்கிறேன். 1959 முதல் 1962 வரை நேருவின் மந்திரிசபையில் போக்குவரத்தும் தகவல் தொடர்பும் அவர் வசம் இருந்தன. எல்லைப் பகுதிகளில் சாலை அமைக்கும் ஸ்தாபனம் தோன்றியது 1960-ல். டெலிபோன் நிலையத்தை அழைக்காமல் வெளியூரோடு நேரே பேசும் வசதி கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதன்முதலில் ஏற்பட்டதும் அதே ஆண்டில்தான். லாரிக்கும் லாரிக் கூண்டு கட்டுவதற்கும் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்குத் திருச்செங்கோடும் பின்னாளில் பாரத நாடெங்கும் பெயர் பெறப்போகின்றன என்பதை அந்த மந்திரி அறிந்திருக்க முடியாது. ஆனாலும், சாலையையே வாழ்வாகக் கொண்ட ஒரு ஜன சமூகம் உருவாகத் தொடங்கிய அந்த வேளையில், அந்த மண்ணைச் சேர்ந்தவர் டில்லியில் சாலைகளுக்கு மந்திரியாக இருந்ததை எண்ணும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டாகிறது.

1962 பொதுத்தேர்தலில் திருச்செங்கோடு அவரை மறுபடி தேர்ந்தெடுத்தது. ஏப்ரல் மாதத்தில் மகாராஷ்டிர கவர்னராக நியமனம் பெற்று அவர் அந்த ஸ்தானத்தை விட்டார். அக்டோபர் 6-ந் தேதி, கவர்னர் பதவியில் இருக்கும்போதே, தமது 73-வது வயதில் காலமானார். மோகன் குமாரமங்கலம் பின்னர்க் காங்கிரசில் சேர்ந்து இந்திரா காந்தியின் மந்திரிசபையில் எஃகு, சுரங்கத் துறை மந்திரியாகி, 1973 மே 31-ந் தேதி டில்லியில் நேர்ந்த விமான விபத்தில் மாண்டார். மோகனின் குமாரர் ரங்கராஜன், சேலத்திலிருந்து மூன்று முறை லோக்சபைக்குச் சென்றார்.

சுப்பராயன் விட்டுச்சென்ற திருச்செங்கோடு தொகுதியில் 1967-ல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் பேராசிரியர் அன்பழகன் வென்றார். கிளைக் கழகம், படிப்பகம், மாநாடு, கறுப்பு சிவப்புக் கொடி என்று கிராமந்தோறும் வேரூன்றிய ஒரு கட்சியின் வேட்பாளர் அவர். 1926-ல் 98 ஸ்தானங்களுள் தம்முடையதைத் தவிர வேறெதையும் தமதென்று சொல்லிக்கொள்ள இயலாத ஒருவர் ராஜதானிக்கு முதல் மந்திரியாக முடிந்ததென்றால், அத்தகைய அரசியலுக்கு இனி இந்தச் சமவெளியில் இடமில்லை என்பதை அந்தத் தேர்தல் தெரிவித்துவிட்டது.